மாமியின் ஸம்ஸமும் என் ஜப்பான் சாடிகளும்

கல்முனைக்குடிக்கு வந்து கச்சிமுகம்மது என்று விசாரித்தால் மூன்று பேரின் வீட்டைக் காட்டுவார்கள். சாடிக் கச்சி என்று கேட்டால் ஒரே வீடுதான். சின்னப் பிள்ளைகூட என் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். என் வாசல் என்று சொன்னது பிழை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடிக்கிற ஆண் தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். எழுபத்தோராம் ஆண்டு நானும் அப்படித்தான் சுஹறாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பிறகு வந்த வருஷங்களில் அந்த வீட்டுக்குள் முப்பத்தொரு ஜப்பான் பூச்சாடிகளைக் கொண்டுபோய் நிரப்பினேன். அவற்றில் ஒன்றிலாவது ஒரு நாளாவது யாரும் பூ வைத்ததில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு கொழும்பில் இருந்த ஒரு சொந்தக்காரரின் தயவில் சரக்குக் கப்பலொன்றில் ஏறினேன். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கப்பல்ல சேர்விஸ்" என்று சொல்லிவிட்டு உடனே கடலைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையில் நான் இரண்டாம் கோக்கி. முதலாம் கோக்கி சமைப்பார். இரண்டாம் கோக்கி வெங்காயம் உரிப்பான், அரிசி களைவான், சட்டி கழுவுவான், முதலாம் கோக்கியிடம் ஏச்சு வாங்குவான். ஒன்பது மாதம் இப்படிக் கடலில் வெங்காயம் உரித்தால் இரண்டு மாதம் ஊரில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

சாடிப் பைத்தியம் பிடித்தது நாகோயாவில். கப்பலிலிருந்து இறங்கி ஊர் பார்க்கப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஒரு பீங்கான் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரப் பெண் எழுந்து வந்து இடுப்பு வரைக்கும் குனிந்தார். என் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த மனுஷி எனக்குத்தான் குனிந்திருக்கிறார்! கல்முனைக்குடியில் எனக்காக ஒருவர் கதிரையை விட்டு எழும்பியதுகூட இல்லை. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சும்மா வெளியே வர மனம் வராமல், இருந்ததிலேயே சின்னச் சாடியொன்றை வாங்கினேன். கடதாசியில் சுற்றித் தரும்போது ஒருமுறை குனிந்தார். வாசல் வரைக்கும் வந்து மறுபடியும் ஒருமுறை குனிந்தார். கப்பலுக்குத் திரும்பும் வழியெல்லாம் மழையில் நனைந்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அதன் பிறகு எந்த ஜப்பான் துறைமுகமானாலும் என் கால் தானாகவே பீங்கான் கடைக்குப் போனது. கூட வேலை செய்தவர்கள் மனைவிக்குச் சாரி, வாப்பாவுக்கு மணிக்கூடு, பிள்ளைகளுக்குப் பாட்டுப் பெட்டி என்று வாங்குவார்கள். நான் சாடி வாங்குவேன். ஒரு சாடிக்கு மூன்று குனிவு நிச்சயம். வாங்கியதைக் கப்பல் களஞ்சியத்தில் அரிசி மூடைக்குள் புதைத்து வைப்பேன். கடல் எவ்வளவு ஆடினாலும் அரிசிக்குள் இருக்கும் சாடிக்கு ஒன்றும் ஆகாது. நான்தான் வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பேன்.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீராஉம்மா என்று பெயர். நெல் வியாபாரம் செய்த புருஷன் மவுத்தான பிறகு முன்வீட்டை மகள் சுஹறாவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். ஆனால் முன்வீட்டில் ஒரு கதிரை நகர்ந்தாலும் பின்னறைக்குத் தெரியும். பழைய ஆட்களின் மரியாதைப்படி மாமி மருமகனோடு முகத்துக்கு முகம் கதைக்கமாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுஹறாவுக்குச் சொல்வார், நான் இரண்டு முழம் தள்ளி நின்றாலும் சரி. நானும் பதிலைச் சுஹறாவுக்குத்தான் சொல்வேன். சுஹறா இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

முதல் சாடியை நான் மேசையில் வைத்த அன்று பின்னறைக் கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சுஹறா, உன்ட மாப்பிள்ளக்கிட்டக் கேளு, ஜப்பான்ல சனம் இதுக்குள்ள என்னத்தப் போடுறாங்களாம்?"

"பூ எண்டு சொல்லு" என்றேன்.

"எங்கட வளவுல பூ எங்க இரிக்கி? முருங்கப் பூவ வெக்கிறதா எண்டு கேளு."

அடுத்த பயணம் முடிந்து வந்து பார்த்தால் ஒரு சாடியில் உப்பு இருந்தது. இன்னொன்றில் அகப்பைகள். மூன்றாவதில் புளி. குசினிக்குள் நின்று சுஹறாவிடம் சத்தம் போட்டேன். இது கலை, இதன் அருமை தெரிந்தவர்கள் இதைக் கையால் தொடவே பயப்படுவார்கள் என்றேன். "கையால தொட ஏலாட்டி எப்பிடி உப்பு எடுக்கிற எண்டு கேளு" என்றது கதவு. கோபத்தோடு போய் ஒரு கண்ணாடி அலுமாரி செய்வித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்துப் பூட்டினேன்.

அதிலும் மாமிதான் வென்றார். சாடிகளில் பாதியில் கொக்கு, மீன், குடை பிடித்த பெண் என்று ஏதாவது வரைந்திருக்கும். உயிருள்ளதன் உருவம் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று, நான் கப்பலுக்குப் போனதும் சுஹறாவிடம் அலுமாரித் திறப்பை வாங்கி எல்லாவற்றையும் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். என் அலுமாரியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஜப்பானின் முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எழுபத்தெட்டு நவம்பரில் அந்தச் சூறாவளி வந்தது. நான் அப்போது சிங்கப்பூருக்கு அப்பால் எங்கோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டுப் பதறித் தந்தி அடித்தேன். ஒரு மாதம் கழித்துச் சுஹறாவின் கடிதம் கிடைத்தது. எல்லோரும் உயிர் தப்பினோம், கூரையில் ஓடு மிஞ்சவில்லை, வளவில் தென்னை மிஞ்சவில்லை, சாடி ஒன்றும் உடையவில்லை என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, உம்மா எழுதச் சொன்னது என்று ஒரு வரி: "அந்தப் பேய்க்காத்துக்கூட அதுகள வேணாமெண்டு விட்டுட்டுப் போயித்து." இந்தக் கடிதத்தில் எந்தச் செய்தி என்னை முதலில் சந்தோஷப்படுத்தியது என்று சொன்னால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள். ஆகவே சொல்லவில்லை.

அடுத்த வருஷம் கோபேயில், உருவம் எதுவும் இல்லாத சாடியாகப் பார்த்துத் தேடினேன். மாமியை ஒருமுறையாவது வாயடைக்க வைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வீறாப்பு. ஒரு பீங்கான் கடையில் அகப்பட்டது. காய்ந்த புளியம்பழத்தின் நிறம். பூசணிக்காய் போன்ற வயிறு, ஒடுங்கிய கழுத்து. இரண்டு போத்தல் தண்ணீர் தாராளமாகப் பிடிக்கும். கடைக்காரர் என் தொப்பியையும் தாடியையும் பார்த்தார், சாடியைப் பார்த்தார், பிறகு ஏதோ நீளமாகக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பான் வார்த்தையில் "ஹாய், ஹாய்" என்று ஆமாம் போட்டேன். அவர் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்துக் குடிப்பதுபோல் காட்டி, கண்ணை மூடி "ஆ" என்றார். ஜப்பான்காரர்கள் தண்ணீரை எவ்வளவு ரசித்துக் குடிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே வியப்பு.

அந்தச் சாடியைக் கொழும்பிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பத்து மணித்தியாலம். பக்கத்தில் இருந்தவர் இது என்ன என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால், மலையடிவாரத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், வருஷத்துக்கு மூன்றே மூன்று சாடிதான் செய்வார், மூன்றும் அரண்மனையில் ஊற்றுத் தண்ணீர் வைக்கத்தான் போகும், என் நல்ல குணத்தைப் பார்த்து ஒன்றை எனக்குத் தந்துவிட்டார் என்றேன். மஹியங்கனையில் தொடங்கிய கதை அம்பாறை வரும்போதுதான் முடிந்தது. கல்முனையில் இறங்கியபோது அதை நானே நம்பியிருந்தேன். வீட்டிலும் ஊரிலும் அதையே சொன்னேன்.

எண்பதாம் ஆண்டு மாமி தன் மூத்த மகனோடு ஹஜ்ஜுக்குப் போய்வந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் கேனில் மக்கத்துப் புனித ஊற்றின் ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்தார். வந்து மூன்றாம் நாள் கேனின் அடியில் வெடிப்புக் கண்டு ஒழுகத் தொடங்கியது. நான் அப்போது விடுமுறையில் வீட்டில் இருந்தேன். மாமி கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் வந்து நின்று, முதுகைக் காட்டிக்கொண்டிருந்த சாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புளியம்பழச் சாடியில் கண் நின்றது.

"சுஹறா, அதத் தரச் சொல்லு. அதுல உருவமும் இல்ல, ஒடுங்கின வாய். பூச்சி விழாது."

சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவி, பிஸ்மி சொல்லி ஸம்ஸத்தை ஊற்றி, தன் அறையில் குர்ஆனுக்குப் பக்கத்துச் சுவர்த் தட்டில் வைத்தார். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவரைப் பார்க்க வந்த பெண்களிடம் அவர் சொன்னதை நான் விறாந்தையில் இருந்து கேட்டேன். "என்ட மருமகன் ஸம்ஸத்துக்கெண்டே ஜப்பான்லரிந்து கொண்டந்த சாடி." ஒன்பது வருஷமாக நான் அந்த வீட்டில் "சுஹறாட மாப்பிள்ள". அன்றுதான் "என்ட மருமகன்" ஆனேன். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவதுபோல் நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகு ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யாருக்குப் பிள்ளைப்பேறு என்றாலும் ஒரு தேக்கரண்டி ஸம்ஸம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பள்ளிவாசல் மௌலவி வந்து மூன்று கரண்டி குடித்துவிட்டு, பாத்திரமும் லட்சணமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் கொடுக்கும்போது மாமி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். "கடைசிக் கரண்டி எனக்கு. மவுத்து நேரம் என்ட வாயில ஊத்தோணும்."

எண்பத்திரண்டில் எங்கள் கப்பல் பழுது பார்ப்பதற்காகக் கோபேயில் மூன்று வாரம் நின்றது. கரையில் கப்பல் வேலைகளைப் பார்க்கும் ஜப்பான்காரர் ஒருவருக்கு நான் ஒருநாள் மீன்கறி கொடுத்திருந்தேன். அதற்குப் பதிலாக அவர் என்னையும் நல்லரெத்தினத்தையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். நல்லரெத்தினம் காரைதீவு ஆள், கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுபவன். எங்கள் பகுதித் தமிழ் கேட்க எனக்கு இருந்த ஒரே துணை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவான்.

கடைக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு மேசையிலும் என் சாடியின் குட்டி நின்றது. அதே நிறம், அதே வயிறு, அதே கழுத்து. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தாய்ச் சாடி நின்றது. சிவந்த முகங்களோடு ஆண்கள் அந்தக் குட்டிகளைச் சரித்துச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, தலையைச் சாய்த்துக் குடித்து, கண்ணை மூடி "ஆ" என்றார்கள். எங்களைக் கூட்டிவந்தவர் எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். மணம் மூக்கில் அடித்தது. கிண்ணத்தைக் கையால் மூடினேன்.

"தம்பி, இது என்ன?" என்றேன்.

"சாராயம் காக்கா. சோத்துச் சாராயம். இவனுகள் சுடவெச்சுக் குடிப்பானுகள்."

"சாடி?"

"சாராயம் ஊத்திற சாடி. வேற என்னத்துக்கு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். நல்லரெத்தினம் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். பிறகு கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் இருந்து சிரித்தான். ஜப்பான்காரர் பயந்து எழும்பிவிட்டார். அன்றிரவு நல்லரெத்தினத்திடம் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அவன் சத்தியத்தைக் காப்பாற்றினான். ஆனால் விடுமுறையில் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவன், பின்னறைக் கதவு வழியாகச் சாடியைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமத் தொடங்கினான். இருமல் கேட்டு மாமி இரக்கப்பட்டு ஒரு கரண்டி ஸம்ஸம் அனுப்பினார். கண்ணில் நீர் வழிய, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

எனக்கு அந்த விடுமுறை விடுமுறையாகவே இருக்கவில்லை. யாராவது கரண்டியோடு வந்தால் நான் சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். வேறொரு சாடி தருகிறேன், இன்னும் நல்லது என்று சுஹறாவிடம் சொன்னேன். "இதுக்கு என்ன குறை எண்டு கேளு" என்றது கதவு. பிறகு பூனையை நம்பினேன். எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போன ஒரு பகலில், சாடிக்குப் பின்னால் ஒரு துண்டுக் கருவாட்டை வைத்துவிட்டு விறாந்தையில் காத்திருந்தேன். பூனை தட்டில் ஏறியது, சாடியைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு கவனமாகப் போய்க் கருவாட்டைத் தின்றது, அதே வழியால் இறங்கி என்னைப் பார்த்துவிட்டுப் போனது. நானே தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் ஸம்ஸத்தைக் கீழே கொட்ட எனக்குத் தைரியம் இல்லை, அந்தப் பாவத்தைப் பூனையின் தலையில் போடத்தான் பார்த்தேன்.

கடைசியில் பள்ளி மௌலவியிடம் போய், சாராயத்துக்கென்று செய்த பாத்திரத்தில், அதில் சாராயமே ஊற்றாமல் புதிதாக வாங்கி, நல்ல தண்ணீர் வைத்தால் எப்படி என்று கேட்டேன்.

"கழுவினாச் சரி. அதுல ஒண்டும் இல்ல" என்றார். "ஆர்ட வீட்டில?"

"நற்பிட்டிமுனைல ஒராள், ஹஸ்ரத்."

ஆக, ஸம்ஸத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான். உண்மையைச் சொன்னால் நான் மறுபடியும் சுஹறாட மாப்பிள்ளை ஆகிவிடுவேன். சொல்லாமல் விட்டால், ஹஜ் செய்த ஒரு மனுஷி தன் கடைசி மிடறைத் தெரியாமல் ஒரு சாராயச் சாடியிலிருந்து குடித்துவிட்டுப் போவார். தெரிந்தால் வேண்டாம் என்பாரோ, பரவாயில்லை என்பாரோ, அது அவர் சொல்ல வேண்டியது. அதைச் சொல்ல விடாமல் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷம் நின்றேன்.

எண்பத்துநான்கு மாசியில் மாமி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதே கிழமை, வெள்ளிக்கிழமைக்குள் கொழும்புக்கு வந்து கப்பலில் ஏறும்படி எனக்குத் தந்தி வந்தது. சுஹறா தந்தியை வாசித்துவிட்டு மடித்து என் சேட்டுப் பைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியின் மூச்சு இழுத்தது. சுஹறா பயந்து, "ஸம்ஸத்த எடுத்து வையுங்க, நான் காக்காவக் கூட்டித்து வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எங்கள் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போயிருந்தார்கள். வீட்டில் மாமியும் நானும்தான். சாடியைத் தட்டிலிருந்து இறக்கினேன். நாலைந்து கரண்டிதான் மிஞ்சியிருக்கும். அந்தப் பின்னறைக்குள் மாமி இருக்கும்போது நான் நுழைந்ததே அந்தக் கிழமைதான். சுவரைப் பார்த்தேன்.

"சுஹறா" என்றேன், வீட்டில் இல்லாத சுஹறாவை. "உம்மாக்கிட்டச் சொல்லு, இந்தச் சாடியப் பத்தி ஒரு கத இரிக்கி."

மாமி கண்ணைத் திறக்கவில்லை. "சுஹறா, என்னவாம் எண்டு கேளு."

"அந்த அரமனைக் கிழவன்ட கத பொய்யாம். இது ஜப்பான்ல சாராயம் ஊத்திற சாடியாம். வாங்கக்குள்ள அவருக்குத் தெரியாதாம். புறகு தெரிஞ்சும் ரெண்டு வருசமாச் சொல்லல்லயாம்."

மாமியின் கண் திறந்தது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டார். "இதுக்குள்ள சாராயம் இருந்தயா எண்டு கேளு."

"இல்லயாம். புதுச் சாடியாம். மௌலவிக்கிட்டயும் கேட்டதாம், கழுவினாச் சரியாம்."

"எந்த மௌலவிக்கிட்ட?"

"நம்மட பள்ளி மௌலவிக்கிட்டத்தானாம்."

"அவர்தானே மூணு கரண்டி குடிச்ச" என்றார் மாமி. அவருடைய வயிறு குலுங்கியது. வலி வந்துவிட்டது என்று நினைத்து எழும்பினேன். சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நான்தான் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மருமகன்" என்றார். நடுவில் சுஹறா இல்லாமல், நேரே என்னைப் பார்த்து. பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. "இரிங்க."

பாயின் ஓரத்தில் இருந்தேன்.

"அந்தக் கிழவன்ட கதைய நான் எப்பயும் நம்பல்ல. ஆனா ஸம்ஸத்துக்கெண்டு கொண்டந்த எண்டு ஊருக்குச் சொன்ன நான்தான். நீங்க சொல்லல்ல."

"ஏன் மாமி அப்பிடிச் சொன்ன?"

"உன்ட மாப்பிள்ள என்ன கொண்டந்த எண்டு சுஹறாக்கிட்டப் பொண்டுகள் கேக்கிற. அவள் என்னத்தக் காட்டுற? ஒண்டையாவது எங்களுக்கெண்டு கொண்டந்ததாச் சொல்லோணும் எண்டு நெனச்சன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "முப்பத்தொரு சாடி. மருமகன், அதுல ஒண்டாவது எங்கள நெனச்சு வாங்கினீங்களா?"

ஒவ்வொரு சாடியாக மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். ஒன்றாவது இருக்கும், சும்மா ஒன்றாவது இருக்கும் என்று தேடினேன். எந்தச் சாடியை எடுத்தாலும் எனக்கு முன்னால் குனிந்த தலைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு கடையிலும் சுஹறா இல்லை. பிள்ளைகள் இல்லை. அந்தப் புளியம்பழச் சாடியில்கூட மாமி இல்லை, மாமியை வெல்ல நினைத்த நான்தான் இருந்தேன்.

"இல்ல மாமி" என்றேன். அழுகை வந்துவிட்டது. நாற்பது வயது ஆண்பிள்ளை, தாடியெல்லாம் நனைய அழுதேன்.

மாமி என்னை அழுது முடிக்க விட்டார். பிறகு வாயைத் திறந்து காட்டினார். "அதுலயே ஊத்துங்க. தண்ணிக்கு ஒண்டும் வராது."

பிஸ்மி சொல்லிக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தேன். நாலு கரண்டி குடித்தார். ஐந்தாவது கரண்டிக்குப் பாதிதான் வந்தது. சாடியைக் கவிழ்த்து உதறி அதையும் கொடுத்தேன்.

"நாளைக்கும் நீங்கதான் தரோணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். சுஹறாவும் அவளுடைய காக்காவும் ஓடிவந்து பார்த்தபோது மாமி நன்றாகக் குறட்டை விட்டு நித்திரை கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கப்பல் என்னை விட்டுவிட்டுப் போனது. பெரிய தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம். கடலில் வெங்காயம் உரிக்க இரண்டாம் கோக்கிக்கு ஆளா இல்லை? ஒரு கிழமையில் வேறொருவனைப் பிடித்திருப்பார்கள். இங்கே மட்டும்தான் நீங்கதான் தரோணும் என்று ஒருவர் என்னிடம் தண்ணீர் கேட்டார்.

மாமி சொன்னபடியே வியாழக்கிழமை குசினிக் கிளாஸில் தண்ணீர் கொண்டுபோனேன். இனி ஒரு பொய்யும் வேண்டாம் என்று, "மாமி, ஸம்ஸம் முடிஞ்சித்து. இது கிணத்துத் தண்ணி" என்றேன்.

"தெரியும். உப்புக் கரிக்கிது" என்று குடித்தார்.

பத்தொன்பது நாள் இருந்தார். பத்தொன்பது நாளும் என்னோடு நேரே கதைத்தார். பெரும்பாலும் ஏச்சுத்தான். பதின்மூன்று வருஷத்து ஏச்சு பாக்கி இருந்ததல்லவா? வெள்ளைச் சேட்டுக்கு ஏசினார், நடைக்கு ஏசினார், கருவாட்டு மணம் அன்று அறைக்குள் எப்படி வந்தது என்று கேட்டு, பூனைக் கதையை என் வாயாலேயே சொல்ல வைத்து ஏசினார். முதலாம் கோக்கியிடம் வாங்கிய ஏச்செல்லாம் கூலிக்கு வாங்கியது. இதை நான் விரும்பி வாங்கினேன். இருபதாம் நாள் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, இரண்டாவது கரண்டியை விழுங்காமலே போய்விட்டார். தண்ணீர் கடைவாயால் வழிந்தது. சால்வைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.

வளவில் சனம் நிறைந்தது. மௌலவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நசீபுள்ள மனுசி, குடுத்துவெச்சவ. மருமகன் ஜப்பான்லரிந்து கொண்டந்த சாடில கடைசியா ஸம்ஸம் குடிச்சிரிப்பா."

"இல்ல ஹஸ்ரத்" என்றேன். "ஸம்ஸம் முந்தியே முடிஞ்சித்து. கடைசியாக் குடிச்ச கிணத்துத் தண்ணி."

"அப்பிடியா? ஆரு குடுத்த?"

"நான் குடுத்த."

நான் வழக்கம்போல் இன்னும் ஒரு கதை சொல்லுவேன் என்று எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை. ஜனாஸா தூக்க நேரமாகிவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், எழும்பிப் போனேன்.